இறுதிச் சுற்றும் என் இடது கையும்

பிப்ரவரி 3, சனி

பெண்கள் கால்பந்து லீக் ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. மண்டலத்தில் நாங்கள் மூன்றாவது. முதல் எட்டு கல்லூரிகளுக்கு மட்டும் இறுதிச் சுற்று, செவ்வாய்க்கிழமை முதல் காரைக்குடியில். தோற்ற அணி அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று ஆட்டம் தொடர்ந்து வென்றால் கோப்பை. எங்கள் கல்லூரி இதுவரை காலிறுதியைத் தாண்டியதில்லை.

மாலையில் மைதானத்தில் வைத்து எங்கள் கோச் குணசுந்தரி மேடம் பதினெட்டுப் பேர் பட்டியலை வாசித்தார். முதல் பெயர் என்னுடையது. கௌசல்யா, மூன்றாம் ஆண்டு வரலாறு, கோல்கீப்பர். அடுத்து கேப்டன் ஜெர்லின். கடைசிப் பெயர் மேகலா, இரண்டாம் ஆண்டு, மாற்று கோல்கீப்பர். இரண்டு வருடமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண். சிறுமலையிலிருந்து வந்தவள். அதிகம் பேச மாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

அரையிறுதிக்கும் ஃபைனலுக்கும் மாநிலக் கல்லூரி அணியின் தேர்வாளர்கள் வருகிறார்களாம். அந்த அணியில் ஒரு வருடம் ஆடிய சான்றிதழ் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். மூன்றாம் ஆண்டு என்பதால் எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

பிராக்டிஸ் முடியும்போது ஈரப்புல்லில் வழுக்கி விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டில் லேசான சுளுக்கு. தைலம் தேய்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஜெர்சி துவைத்தேன். ஒரு கையால் பிழிவது கஷ்டமாக இருக்கிறது. அப்படியே கொடியில் போட்டேன். வெயில் பார்த்துக்கொள்ளும்.

பிப்ரவரி 5, திங்கள்

காலை எட்டு மணிக்குக் கல்லூரி வேனில் கிளம்பி மதியத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டோம். எங்களுக்குத் தாவரவியல் வகுப்பறையைக் கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருக்கிறோம். கரும்பலகையில் ஓர் இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம், பாகங்கள் குறித்தபடி அழகாக வரைந்திருக்கிறது. யாரும் அழிக்கக் கூடாது என்று ஜெர்லின் சொல்லிவிட்டாள். தங்க இடம் கொடுத்தவர்களின் பாடத்தை அழிப்பது மரியாதையில்லையாம்.

சாப்பாடு நன்றாக இருந்தது. சாம்பாரில் முருங்கைக்காய் தாராளம். பரிமாறிய அம்மா என் இலையில் இரண்டாம் முறை கூட்டு வைத்துவிட்டு, "ஓடுற புள்ளைக, நல்லாச் சாப்பிடுங்க" என்றார். நான் ஓடுகிற பிள்ளை இல்லை, நிற்கிற பிள்ளை. சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஒரு சின்ன எரிச்சல். வேனிலிருந்து இறங்கும்போது என் பையை மேகலா எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நான் கேட்கவே இல்லை.

"ஏன், எனக்குக் கையில்லையா? குடு இங்க."

"எனக்கு வெயிட்டா இல்லக்கா. நீங்க வாங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

என் இடத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இப்படித்தான் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வார்கள். மேடம் அதைப் பார்த்தாரா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, வேன் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

சுளுக்கு இன்னும் போகவில்லை. வீக்கம் கொஞ்சம்தான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலிறுதி. வென்றோம்! சிவகாசிப் பக்கத்து அணி, 2-0. இரண்டு கோலும் ஜெர்லின் போட்டது. கல்லூரி வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதி. மேடத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது. பார்க்காத மாதிரி எல்லோரும் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆட்டத்துக்கு முன்னால் எனக்கு வார்ம்-அப் கொடுப்பது மேகலாவின் வேலை. இருபது பந்து அடித்தாள். இருபதும் வலது பக்கம். இந்தப் பெண்ணுக்கு இடது பக்கம் அடிக்கவே தெரியவில்லை. இரண்டு வருடமாக என்னதான் கற்றுக்கொண்டாளோ!

இடைவேளையில் மேடம் கேட்டார்.

"ஏன் எல்லாப் பந்தையும் குத்தித் தள்ளுற கௌசி? பிடிக்கிற பந்தையும் குத்துற?"

"பந்து ஈரமா இருக்கு மேடம். வழுக்குது."

மேடம் மைதானத்தைப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

கடவுளுக்கும், எனக்கு முன்னால் நின்ற நான்கு பின்வரிசைப் பெண்களுக்கும் நன்றி. என்னிடம் பந்து அதிகம் வரவே இல்லை.

பிப்ரவரி 7, புதன்

ஓய்வு நாள். காலையில் குழாயடிக்குப் போனால் என் ஜெர்சியும் சாக்ஸும் ஏற்கெனவே துவைத்துக் காயப்போட்டிருந்தது. யாரென்று கேட்கத் தேவையில்லை. அறைக்குத் திரும்பித் தலைவாரிக்கொள்ளப் பார்த்தேன். பின்னல் போட இரண்டு கையும் வேண்டும். பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மேகலா பின்னால் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் பின்னத் தொடங்கினாள். இறுக்கமாக, நேராகப் பின்னினாள். முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, மேடத்துக்கிட்ட சொல்லிருங்க."

"என்னத்தச் சொல்ல?"

"கையை."

அறையில் வேறு யாரும் இல்லை.

"சொன்னா நீதான ஆடுவ?"

அவள் சீப்பில் சுற்றியிருந்த முடியை எடுத்து உருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். சீப்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. உண்மைதானே?

மாலையில் அம்மா போன் செய்தாள். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். அப்பா லாரியில் குஜராத் போயிருக்கிறார். நான் பந்து விளையாடத் தொடங்கி எட்டு வருடமாகிறது. அம்மா ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பள்ளி நாளில் அவளால் அடுப்பைவிட்டு நகர முடியாது.

"சனிக்கிழமைதானே அந்தப் பெரிய ஆட்டம்? நீங்க அதுக்குள்ள வந்துட்டா நான் வாரேன்டி."

"இன்னும் செமி ஃபைனலே ஆடலம்மா."

"ஆடிட்டு வாங்க. எத்தன பேரு நீங்க?"

"எதுக்கு?"

"கேட்டாச் சொல்லேன்."

"மேடத்தோட பத்தொம்பது."

"பத்தொம்பது," என்று சொல்லிக்கொண்டாள். குரலில் ஏதோ முடிவு செய்துவிட்ட சந்தோஷம் இருந்தது. இனி நாளை தோற்க முடியாது.

பிப்ரவரி 8, வியாழன்

2-1. ஃபைனலுக்குப் போகிறோம். இன்று எங்களிடம் தோற்றது, போன வருடம் கோப்பை வென்ற மதுரை அணி.

எல்லோரும் வெளியே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு அறையில் இருக்கிறேன். நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அவர்கள் கோல் அடித்தார்கள். என் இடது பக்கம், தரையோடு உருண்டு வந்த பந்து. வேகமே இல்லை. எட்டாம் வகுப்பில்கூட அதை நான் பிடித்திருப்பேன். உடம்பு அந்தப் பக்கம் விழவே மறுத்துவிட்டது. பந்து வலைக்குள் போய் நின்ற பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஜெர்லின் ஆடியதை என்னவென்று சொல்வது? முன்னால் நின்று கோல் போட வேண்டியவள், ஒவ்வொரு முறையும் எங்கள் கோல்வரை ஓடி வந்தாள். ஒரு பந்தைக் கோட்டில் வைத்து முட்டியால் தடுத்தாள். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. கட்டு போட்டுக்கொண்டு மறுபடி வந்து இரண்டு கோல் போட்டாள். இரண்டாவது, ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது.

கடைசியில் ஒரு கார்னர். பந்து உயரமாக வந்தது. குதித்து இரண்டு கையாலும் பிடித்தேன், வேறு வழியில்லை. பிடித்தபோது உள்ளே ஏதோ 'நறுக்' என்றது. பந்தை விடவில்லை. தேர்வாளர்களில் ஒருவர் எழுந்து கைதட்டினார். ஆட்டம் முடிந்து போகும்போது என் பெயரையும் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று வருடமாக நான் ஆசைப்பட்ட நிமிடம். என்னால் சிரிக்க முடியவில்லை. குளியலறைப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

நிமிர்ந்தபோது மேகலா ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். வாய் கொப்பளித்தேன். கிளவுஸைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. அவள்தான் ஒவ்வொரு விரலாக மெதுவாக இழுத்துக் கழற்றினாள். கை பன் மாதிரி உப்பியிருந்தது.

"ஏன்டி இன்னும் மேடத்துக்கிட்ட சொல்லல? எனக்குத்தான் வாய் வரல. நீ சொல்லிருக்கலாம்ல?"

"நான் சொன்னா, என் இடத்துக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும்க்கா. நீங்கதான் நேத்துக் கேட்டீங்களே."

வேறு எதையாவது பேச வேண்டுமென்று, "நீ ஏன் வார்ம்-அப்ல எனக்கு இடது பக்கம் அடிக்கவே மாட்டேங்கிற?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"அடிச்சா நீங்க கைய வைப்பீங்களேக்கா."

சனிக்கிழமை பிராக்டிஸில் நான் வழுக்கி விழவில்லை. இந்த நோட்டில் பொய் எழுதியிருக்கிறேன். அன்று மேடம் முதல் பாதியில் மேகலாவைக் கோலில் நிற்க வைத்திருந்தார். நன்றாக ஆடினாள். இரண்டு நல்ல பந்தைத் தடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். என் முறை வந்தபோது, வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு பந்துக்கு, தேவையே இல்லாமல், எல்லோரும் பார்க்கட்டும் என்று பாய்ந்தேன். பந்து கம்பத்துக்கு ஓர் அடி வெளியேதான் போனது. நான் கையை ஊன்றி விழுந்தேன்.

அதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் பல் துலக்கியதும் மேடத்திடம் போனேன். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும். மேடம் வராந்தாவில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைத் தொட்டார். கட்டைவிரலுக்குக் கீழே லேசாக அழுத்தியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"எப்பலேருந்து?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமை," என்றார் மேடம். பிறகு மைதானத்துப் பக்கம் திரும்பினார். "ஈரப் பந்துன்னு நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். கேட்டா உண்மையச் சொல்லிருவியோன்னு நானும் கேக்காம விட்டுட்டேன். ஜெயிச்சுக்கிட்டு இருந்தோம்ல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முந்திரிப் பருப்பு மாதிரி ஒரு சின்ன எலும்பு, நடுவில் கோடு. "சுளுக்குன்னு நெனச்சு ஏமாந்துபோற எலும்பு இதுதான். இன்னொரு மேட்ச் ஆடியிருந்தா கட்டைவிரல் காலம் முழுக்கத் தொந்தரவு குடுத்திருக்கும்," என்றார். முழங்கைவரை மாவுக்கட்டு. இரண்டு மாதம் இருக்க வேண்டுமாம், அதற்குப் பிறகும் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். வலது கையால் எழுதுகிறவளாகப் பிறந்ததற்கு நன்றி.

திரும்பி வந்து எல்லோரையும் வகுப்பறையில் உட்கார வைத்து நானே சொன்னேன். வெளியே போன பந்துக்குப் பாய்ந்ததையும் சொன்னேன். அதை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் என்ன இருக்கிறது?

ஜெர்லின்தான் எழுந்தாள். முட்டியில் பெரிய கட்டு.

"நேத்து அந்த கோலு உன்னோட கையாலதான போச்சு?"

"ஆமா."

"நான் நெனச்சேன் நம்ம டிஃபென்ஸு சரியில்லன்னு. இவளுகளத் திட்டித் தீத்தேன். செத்து செத்து ஓடுனேன்டி. உனக்குத் தெரியும், தெரிஞ்சும் எங்கள ஓட விட்ட."

"ஆமா ஜெர்லின்."

"மூணு வருஷமா ஒரே ரூம்ல இருக்கோம். எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

அவள் வெளியே போய்விட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது எனக்கு எதிர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

சாயங்காலம் மேகலாவுக்கு என் கிளவுஸைக் கொடுத்தேன். அவளுடையது உள்ளங்கையில் தேய்ந்து போயிருக்கிறது. போட்டுப் பார்த்தாள். உள்ளே நுழையவே இல்லை. அவள் கை என்னுடையதைவிடப் பெரியது. இரண்டு வருடமாகப் பக்கத்தில் இருந்தும் நான் கவனித்ததில்லை. இருவரும் உட்கார்ந்து அவளுடைய கிழிந்த கிளவுஸுக்கே டேப் ஒட்டினோம். அவள் ஒட்டினாள். நான் பல்லால் டேப்பைக் கடித்துக் கொடுத்தேன்.

"பயமா இருக்காடி?"

"இருக்குக்கா. ஊர்ல எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிட்டேன், நான் பெஞ்சுலதான் இருப்பேன், யாரும் வராதீங்கன்னு."

அம்மாவுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். மூன்று முறை எண்ணை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, சனி

காலை எட்டு மணிக்குப் பல் குச்சியோடு வராந்தாவில் நின்றபோது ஜெர்லின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"சரி."

"ஆனா பெஞ்சுல மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காராத. கத்து. உன்னோட சத்தம் இல்லன்னா பின்னாடி ஆளே இல்லாத மாதிரி இருக்கும் எங்களுக்கு."

அவ்வளவுதான் பேசினாள். எனக்கு அது போதுமானதற்கும் மேல்.

பத்தரை மணிக்கு அம்மா வந்தாள். ஆட்டோவிலிருந்து முதலில் ஒரு பெரிய தூக்குவாளி இறங்கியது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் அம்மா. விடிவதற்கு முன்பே எழுந்து பத்தொன்பது பேருக்குப் புளியோதரை கிண்டி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் நூறு பேருக்குச் சமைக்கிறவளுக்குக் கை அளவு தெரியாது. இருந்ததைப் பார்த்தால் ஐம்பது பேர் சாப்பிடலாம்.

என் கையைப் பார்த்தாள்.

"இது என்னாடி?"

"ஒடிஞ்சிருச்சும்மா. இன்னைக்கு நான் ஆடல."

திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். மாவுக்கட்டின் மேல் கையை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"அப்ப வா, வாளியப் பிடி. நல்ல கையால."

ஃபைனல் மூன்று மணிக்கு. எதிரணி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பெண்கள். மணலில் ஓடிப் பழகியவர்கள், புல்லில் பறந்தார்கள். அம்மா மேடத்தின் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். நான் பெஞ்சில் உட்காரவே இல்லை. கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். முதலில் மேகலாவின் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். நடுவர் வந்து விரட்டினார். திரும்ப வந்துவிட்டேன்.

இருபதாவது நிமிடத்தில் ஒரு கார்னர். மேகலா பந்தைப் பிடிக்க வெளியே வந்தாள். கணக்குத் தப்பிவிட்டது. பந்து அவள் விரலுக்கு மேலே போய் இறங்கியது. அந்தப் பக்கத்துப் பெண் தலையால் தட்டினாள். கோல்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று லேசானது. நான் இருந்திருந்தால் பிடித்திருப்பேன் என்ற நினைப்பு. அது ஒரு நொடிதான். ஆனால் இருந்தது. மேகலா மண்டியிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. "எந்திரி! எந்திரிடி! அடுத்ததும் வெளிய வா! வந்து பிடி!" என்று கத்தினேன். அவள் எழுந்தாள்.

இடைவேளையில் அவள் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன்.

"நீங்க இருந்தா இது போயிருக்காதுக்கா."

"நான் இருந்தப்பவே வியாழக்கிழமை நாலு போயிருக்கும். ஜெர்லின் முட்டியக் கேளு."

ஜெர்லின் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா, எங்கிட்ட கேளு," என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து முதல்முறை.

இரண்டாம் பாதியில் மேகலா வேறு ஆளாக ஆடினாள். வெளியே வந்தாள், ஒவ்வொரு முறையும் வந்தாள். ஒரு பந்தை எதிரணிப் பெண்ணின் காலடியிலிருந்து வழித்து எடுத்துக்கொண்டாள். அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது. நான் கோட்டில் நிற்கிற கீப்பர். எழுபதாவது நிமிடத்தில் ஜெர்லின் ஒரு ஃப்ரீ கிக்கை, எதிரணிப் பெண்கள் வரிசையாக நின்று கட்டிய சுவருக்கு மேலே வளைத்துப் போட்டாள். 1-1. நேரம் முடிந்து பெனால்டி.

அம்மா குடையை மடக்கிவிட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்ப என்ன?"

"ரெண்டு டீமுக்கும் அஞ்சு அஞ்சு அடி. யாரு கூடப் போடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க."

"நம்மாளு யாரு, அடிக்கிறவளா தடுக்கிறவளா?"

"ரெண்டும்மா. மாறி மாறி."

அவர்களுடைய முதல் இரண்டும் உள்ளே போயின. மூன்றாவதை மேகலா தடுத்தாள். முழு உடம்பையும் நீட்டி, டேப் ஒட்டிய அந்தப் பெரிய கையால். மைதானமே எழுந்தது. எல்லோரையும்விடச் சத்தமாக என் காதருகே ஒரு குரல், "ஏ எம்புள்ள! எம்புள்ள!" என்று கேட்டது. அம்மா. கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். மேகலாவை அவள் காலையில் வந்து இறங்கிய பிறகுதான் முதல்முறை பார்த்தாள்.

நாங்களும் ஒன்றைத் தவறவிட்டு நான்கு போட்டிருந்தோம். அவர்களின் கடைசி அடி உள்ளே போனால் சமன். பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்தது. மேகலா மறுபக்கம் பாய்ந்திருந்தாள். எழுந்து பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. வென்றுவிட்டோம். அந்தக் கம்பத்தை நட்டவர் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பிறகு நடந்ததெல்லாம் கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. எல்லோரும் மேகலாவின் மேல் விழுந்தார்கள். நான் ஓடிப்போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன், மாவுக்கட்டோடு கூட்டத்தில் நுழைய முடியாமல். ஜெர்லின் கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வியர்வையும் ரத்தமும் மண்ணுமாக நாற்றமெடுத்தாள். நான் அவளை விடவில்லை.

கோப்பை கொடுத்து முடிந்ததும் அம்மா மைதானத்து ஓரத்தில் தூக்குவாளியைத் திறந்தாள். எங்களுக்கு இலை போட்டுவிட்டு, அந்தப் பக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கடற்கரைப் பெண்களிடம் போனாள்.

"ஏம்மா, நீங்களும் வாங்க. நெறையா இருக்கு. அழுதுக்கிட்டேகூடச் சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது."

வந்தார்கள். கம்பத்தில் அடித்த பெண் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வேனில் திரும்புகிறோம். குலுங்குவதால் எழுத்து கோணலாக வருகிறது. அம்மாவும் எங்களோடு வருகிறாள். காலி வாளிகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். கோப்பை ஜெர்லின் மடியில்.

கிளம்புவதற்கு முன்னால் தேர்வாளர்கள் பட்டியலை ஒட்டினார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேர். ஜெர்லின், மேகலா. என் பெயர் இருக்காது என்று தெரியும். ஆனாலும் கடைசி வரிவரை வாசித்தேன்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வியாழக்கிழமை குறித்த பெயரைத் தேர்வாளர்கள் நேற்றுவரை வைத்திருந்ததாகச் சொன்னார். கை விஷயத்தை அவர்தான் சொல்லி எடுக்கச் சொன்னாராம்.

"உங்கிட்ட கேக்காம சொல்லிட்டேன். கோவமா?"

"இல்ல மேடம். நீங்க சொல்லலேன்னா முகாமுக்கு இந்தக் கட்டோட போய் நின்னாலும் நின்னிருப்பேன்."

மேடம் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

நத்தத்தில் டீக்கு நிறுத்தியபோது அம்மாவிடம் சொன்னேன், மாநில அணியில் இடம் கிடைக்கவில்லை, போலீஸ் வேலைக்கு அந்தச் சான்றிதழ் இனி வராது என்று. அவள் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

"வேற வழி பாத்துக்கலாம். நான் ஒண்ணு கேக்கட்டா? நேத்து ஆட்டம் பூரா ஓரத்துல நின்னு ஒருத்தி கத்திக்கிட்டே இருந்தாளே, அவ கத்துன பக்கமே எல்லாரும் ஓடுனாளுகளே, அது என்ன வேல?"

"அது வேலையில்லம்மா."

"எனக்குப் பாக்க அதுதான் வேல மாதிரி இருந்துச்சு," என்றாள் அம்மா.

பிப்ரவரி 14, புதன்

அரை நாள் வகுப்பு. கல்லூரி வாசலில் பேனர் வைத்திருக்கிறார்கள். அதில் பதினெட்டுப் பேரும் இருக்கிறோம். என் முகம் பாதி மரத்துக்குப் பின்னால்.

பிப்ரவரி 22, வியாழன்

கட்டுக்குள் பயங்கர அரிப்பு. ஜெர்லின் பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துவிட்டாள். டாக்டர் கூடாது என்றிருக்கிறார். ஆனால் சொர்க்கம்.

மார்ச் 3, ஞாயிறு

நாளை மேகலாவும் ஜெர்லினும் மாநில அணி முகாமுக்குச் சென்னை போகிறார்கள். இன்று சாயங்காலம் மைதானத்தில் மேகலாவுக்கு நான்தான் பந்து அடித்தேன். கையில் கட்டு இருந்தாலும் காலுக்கு ஒன்றுமில்லையே. ஓர் ஐம்பது பந்து இருக்கும். முப்பதுக்கு மேல் தடுத்தாள். அப்புறம் இருவரும் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.

அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பையைத் தூக்கியதற்கு, துவைத்ததற்கு, யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்கு, நான் அப்படிக் கேட்ட பிறகும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்ததற்கு. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் புல்லைப் பிய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ரொம்ப நல்லவன்னு நெனச்சிராதீங்கக்கா."

"ஏன்?"

என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"ஃபைனல்ல நான் கோல் விட்டப்ப உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். இவளிடம் சொல்லி என்ன பயன்? இவள் பார்த்துக்கொண்டே இருக்கிறவள்.

"ஒரு செகண்ட் இருந்துச்சு."

மேகலா தலையை ஆட்டினாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, "செமி ஃபைனல்ல நீங்க விட்டப்ப எனக்கும் ஒரு செகண்ட் இருந்துச்சுக்கா," என்றாள்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நிறுத்த முடியவில்லை. வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஜெர்லின், "என்னங்கடி, என்ன? எங்கிட்டயும் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்துகொண்டிருந்தாள்.